இடது மூளையில் அடைப்பு, வலது கையில் முடக்கம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மாமனாருக்குச் சில மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்தது. மூளையின் இடப்பக்கத்தில் ரத்தக்குழாய் அடைபட்டிருப்பதாக மருத்துவர் கூறினார். செயலிழந்திருப்பதோ வலது கையும் வலது காலும். பேச்சும் ஓரிரு சொற்களோடு நின்றுவிட்டது. இது ஏன்? நாங்கள் பேசுவது அவருக்குப் புரியுமா?

பதில்: கை கால்களை நம் விருப்பப்படி அசைக்கும் கட்டளை, பெருமூளையில் நெற்றிமடலின் பின்விளிம்பிலுள்ள இயக்கப் பகுதியிலிருந்து புறப்படுகிறது. அதைச் சுமந்து இறங்கும் நரம்பிழைகள் மூளைத்தண்டு வழியாக வந்து, அதன் அடிப்பகுதியான முகுளம் தண்டுவடத்தோடு சேருமிடத்தில், பத்தில் ஏறத்தாழ ஒன்பது என்ற அளவில் எதிர்ப்பக்கத்துக்குக் கடந்துவிடுகின்றன. அதனால்தான் அந்தச் சந்திப்புக்கு மேலே இடப்பக்கத்தில் நேரும் சேதம் உடலின் வலப்பக்கத்தில் வெளிப்படுகிறது. அதற்குக் கீழே, தண்டுவடத்தின் இடப்பாதி அடிபட்டால் இடப்பக்கத் தசைகளே வலுவிழக்கும். சிறுமூளையும் தன் பக்கத்து உறுப்புகளின் இயக்கத்தையே சீர்படுத்துகிறது.

பேச்சின் கதை வேறு. வலக்கைப் பழக்கமுள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் மொழியை ஆள்வது இடது அரைக்கோளம். இடக்கைப் பழக்கமுள்ளவர்களிலும் பெரும்பாலோருக்கு அப்படியே. பல ஆண்டுகளாக 'டான்' என்ற ஓரசையை மட்டுமே சொல்லிவந்த நோயாளி ஒருவர் இறந்தபின், பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா 1861-இல் அவருடைய மூளையை ஆராய்ந்து, இடது நெற்றிமடலில் சிதைவு இருந்ததைக் கண்டார். அந்த நோயாளி பிறர் சொன்னவற்றைப் பெருமளவு புரிந்துகொண்டவர் என்பதை நாம் மறக்கக் கூடாது. ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வெர்னிக்கி 1874-இல் விவரித்த வகையோ இதற்கு நேர்மாறானது: இடது பொட்டுமடலின் (நெற்றிப்பொட்டை ஒட்டிய மூளைப்பகுதியின்) பின்பகுதி சிதைந்தவர்களுக்குச் சொற்கள் தடையின்றி வரும், ஆனால் அவற்றில் பொருள் இராது, பிறர் பேச்சும் சரிவர விளங்காது.

உங்கள் மாமனாரின் நிலை முதல் வகையை ஒத்திருக்கலாம். பேச்சுப் பயிற்சியாளர் நேரில் சோதித்தே உறுதிசெய்ய முடியும். அதுவரை, எல்லாம் புரிகிறது என்றே கொண்டு, சிறுசிறு வாக்கியங்களாக அவர் முகம் பார்த்துப் பேசி, பதிலுக்கு நேரம் கொடுங்கள். சொல் வராத ஒருவரை அறிவிழந்தவராக எண்ணி, அவர் எதிரிலேயே அவரைப் பற்றிப் பேசும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அது அவருக்கு எத்தனை வேதனை தரும் என்பதை எல்லோருக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.

கேள்வி: காலையில் எழுந்தபோது என் நண்பருக்கு வாய் ஒருபுறம் கோணியிருந்தது. மருத்துவர் நெற்றியைச் சுருக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, இது பக்கவாதம் அன்று, முகவாதம் என்றார். நெற்றியில் என்ன தெரியும்?

பதில்: முன்சொன்ன விதிக்கு நெற்றி ஒரு விலக்கு. முகத்தின் கீழ்ப்பாதித் தசைகளுக்குக் கட்டளை பெரும்பாலும் எதிர்ப்பக்க மூளையிலிருந்தே வருகிறது. நெற்றிக்கு இரு பக்கங்களிலிருந்தும் வருகிறது. ஆகவே, பெருமூளையில் ஒருபுறம் அடைப்பு ஏற்பட்டால் வாய் கோணினாலும் நெற்றி பெரும்பாலும் சுருங்கும். முகவாதத்தில் பழுதடைவது, மூளையிலிருந்து புறப்படும் 12 இணை நரம்புகளுள் ஏழாவதான முகநரம்பு. அது முகத்தின் ஒரு பாதி முழுவதையும் இயக்குவதால் நெற்றியும் சுருங்காது, கண்ணும் சரியாக மூடாது.

இந்தச் சோதனையை வீட்டில் செய்து முடிவுகட்ட வேண்டாம். மூளைத்தண்டில் நேரும் சில பாதிப்புகளிலும் நெற்றி செயலிழப்பதுண்டு. பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக முதல் நான்கரை மணி நேரத்துக்குள் செலுத்தியாக வேண்டும். வாய் கோணினால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.