எல்லா மாணவருக்கும் ஒரே மதிப்பெண் வருவது ஏன்?

பெர்ல் மொழி நிரலில் கோப்பை வரி வரியாகப் படித்து, மாணவர் பெயரைச் சாவியாகவும் மதிப்பெண்களை அர்ரேயாகவும் (வரிசைப் பட்டியல்) ஹாஷில் (சாவி-மதிப்பு இணைகளின் தொகுப்பு) சேர்த்தால், எல்லாருக்கும் கடைசி மாணவரின் மதிப்பெண்ணே வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். @மதிப்பெண் அர்ரேயை லூப்புக்கு (திரும்பத் திரும்ப ஓடும் பகுதிக்கு) வெளியே 'மை' (my, மாறியை அறிவிக்கும் சொல்) போட்டு அறிவித்திருக்கிறீர்கள். சிக்கல் அங்கேதான்.

பெர்லில் ஹாஷுக்குள் அர்ரே நேரடியாக உட்காராது. அதன் ரெஃபரன்ஸ்தான், அதாவது அர்ரே இருக்கும் இடத்தைக் காட்டும் சுட்டிதான், உட்காரும். \@மதிப்பெண் என்று அதே ரெஃபரன்ஸை 40 பேருக்கு வைத்தாலும் 40-ம் ஒரே அர்ரேயைத்தான் காட்டும். தரவின் அமைப்பை அச்சிட்டுக் காட்டும் டேட்டா டம்பரில் போட்டுப் பாருங்கள்: ஒரே ஒரு மாணவருக்குத்தான் பட்டியல் முழுதாக விரியும், மற்றவர்களுக்கெல்லாம் அதைச் சுட்டும் குறிப்பு மட்டும் இருக்கும். எனக்கு இது புரிந்ததே அந்த வெளியீட்டைப் பார்த்துத்தான்.

'மை' வரியை லூப்புக்குள் நகர்த்துங்கள், ஒவ்வொரு சுற்றுக்கும் புது அர்ரே கிடைக்கும். [@மதிப்பெண்] என்று எழுதி நகல் எடுத்தாலும் சரிதான், ஆனால் முதல் வழியே சுத்தமானது. ஏனென்றால் அந்த நகல் மேல் அடுக்கோடு நின்றுவிடும். நாளைக்குப் பாடவாரியாக உள்ளே இன்னொரு ஹாஷ் வைத்தால், அது மறுபடி பகிரப்படும். அப்போது உள் அடுக்குகளையும் சேர்த்து நகலெடுக்கும், ஸ்டோரபிள் மாட்யூலின் டீக்ளோன் தேவைப்படும்.

அப்புறம், நிரலின் தலையில், அறிவிக்காத மாறிகளைப் பிழையெனக் காட்டும் 'யூஸ் ஸ்ட்ரிக்ட்' வரி இல்லை. இன்றே சேர்த்துவிடுங்கள்.