எஃப் 3 எங்கே போச்சு தம்பி?

கேள்வி: லினக்ஸ் கம்ப்யூட்டரில் ஜன்னல், மெனு, ஐகான் எல்லாம் காட்டும் குனோம் டெஸ்க்டாப்பில் கை பழகிய வசதிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிடுகிறார்கள், எரிச்சலாக வருகிறது. சகித்துக்கொண்டு இருப்பதா, வேறு டெஸ்க்டாப்புக்குப் போய்விடுவதா? நீங்கள் என்ன செய்தீர்கள்?

நான் போய்விட்டேன். போக வைத்தது ஒரு கல்யாணப் பத்திரிகை.

காரைக்குடியில் கொப்புடையம்மன் கோயில் பக்கம் சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். பத்திரிகை, விசிட்டிங் கார்டு, கடைகளுக்கு பில் புக், இவ்வளவுதான் வேலை. 2010-ல் விண்டோஸை எடுத்துவிட்டு உபுண்டு 10.04 போட்டேன், அது லினக்ஸில் ஒரு வகை. கொள்கை கிள்கை எல்லாம் ஒன்றும் கிடையாது, வருகிறவர்கள் கொண்டுவரும் பென்டிரைவ் எல்லாவற்றிலும் வைரஸ், அதைத் துடைப்பதிலேயே பாதி நாள் ஓடிப்போகும், அந்தத் தொல்லைக்குப் பயந்துதான் லினக்ஸ் பக்கம் வந்தேன். தமிழ் எழுத்து உடையாமல் வந்ததால் டிசைன் எல்லாம் இங்க்ஸ்கேப்பில்.

அப்போது அதில் இருந்தது குனோம் 2.30. அதன் ஃபைல் மேனேஜரான நாட்டிலஸில் எஃப் 3 அழுத்தினால் ஒரே ஜன்னல் இரண்டாகப் பிரியும். இடது பக்கம் பென்டிரைவ், வலது பக்கம் வேலை ஃபோல்டர். எங்கள் டைப்பிஸ்ட் அண்ணன் வட்டிக்கடையில் பேரேடு எழுதிக்கொண்டிருந்தவர், ஐம்பது வயதுக்கு மேல் கம்ப்யூட்டர் பழகினார். அவருக்கு இது பேரேட்டில் பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம் என்பது மாதிரி. இடமிருந்து வலம் இழுத்தால் வந்தது, வலமிருந்து இடம் இழுத்தால் போனது. நாலு வருஷம் அந்தக் கை ஒரு தடவைகூடத் தப்பவில்லை. நடுவில் 12.04-க்கு மாறியபோது திரையே வேறு மாதிரி ஆகிவிட்டது, அதற்குக்கூட அவர் ஒன்றும் சொல்லவில்லை, எஃப் 3 இருந்ததே, அது போதும் அவருக்கு.

2014 வைகாசியில், முகூர்த்த சீசன் நடுவில், யாரும் கேட்காமலேயே நான் 14.04 ஏற்றினேன். (முகூர்த்த மாதத்தில் அப்கிரேடு செய்கிற மடையன் நான் ஒருத்தன்தான் இருப்பேன் என்று நினைக்கிறேன்.) மறுநாள் காலையில் அண்ணன் கூப்பிட்டார், "தம்பி, எஃப் 3 எங்கே போச்சு?" தேடிப் பார்த்தேன், மெனுவிலேயே இல்லை. இரண்டு ஜன்னல் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவரும் வைத்துக்கொண்டார். அன்று சாயங்காலம் எது எந்த ஜன்னல் என்று தெரியாமல், பென்டிரைவில் கிடந்த பழைய ஃபைலை, திருத்தி முடித்த ஃபைல் மேலேயே இழுத்துப் போட்டுவிட்டார். ஏற்கெனவே இருக்கிறது, மாற்றவா என்று கேட்டது, சரி என்று தட்டிவிட்டார்.

அந்தப் பழைய ஃபைல், வேறொரு கல்யாணத்துக்குச் செய்ததில் பெயரை மட்டும் மாற்றி வைத்த முதல் வடிவம். எந்த வீடு எந்தக் கோயில் என்று எழுதும் வரியை மாற்றாமல் இருந்தது. 500 பத்திரிகை அச்சாகி, மடித்து, கட்டுக் கட்டிப் போயாகிவிட்டது. மறுநாள் பெண் வீட்டு ஆச்சி நேராகக் கடைக்கே வந்து, ஒரு பத்திரிகையை மேஜையில் வைத்து, சத்தம் போடாமல் கேட்டார்கள்: "ஏன் தம்பி, அண்ணனுக்கும் தங்கச்சிக்குமா கல்யாணம் பண்ணி வைக்கிறீங்க?" மாப்பிள்ளை வீடும் நேமம் கோயில், பெண் வீடும் நேமம் கோயில் என்று அடித்திருந்தோம். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், நகரத்தாரில் ஒன்பது கோயில் பிரிவுகள், நேமம் கோயில்காரர்கள் எல்லோரும் தங்களுக்குள் பங்காளிகள், கொள்வினை கொடுப்பினை கிடையாது. நானும் நகரத்தார் வீட்டுப் பிள்ளைதான், அச்சுக்கு விடும் முன் ஒரு தடவை படித்திருந்தால் போதும். 500-ம் என் செலவில் திரும்ப அடித்துக் கொடுத்தேன்.

அன்று ராத்திரிதான் உட்கார்ந்து என்ன நடந்தது என்று பார்த்தேன். எஃப் 3-ஐ 2012-லேயே எடுத்துவிட்டார்கள், நாட்டிலஸ் 3.6-ல். கூடவே ஃபைல்களை நெருக்கி அடுக்கிக் காட்டும் காம்பாக்ட் வியூவும் போனது. ஃபோல்டரில் முதல் எழுத்தை அடித்தால் அந்த ஃபைலுக்குத் தாவுமே, அதை எடுத்துவிட்டுத் தேடலை வைத்தார்கள். அதற்கு முந்தின வருஷம், 2011 ஏப்ரலில் குனோம் 3 வந்தபோதே மினிமைஸ், மேக்ஸிமைஸ் பட்டன்கள் காணாமல் போயின, பேனலில் போட்டுவைத்த ஆப்லெட்டுகள் என்ற குட்டிக் கருவிகள் போயின. லினக்ஸ் கெர்னலை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸே அப்போது வெளிப்படையாகத் திட்டிவிட்டு எக்ஸ்எஃப்சிஇ என்ற வேறு டெஸ்க்டாப் பக்கம் போனார் (பிறகு திரும்பி வந்துவிட்டார், அது வேறு). 2017-ல் 3.26 வந்தபோது கீழே இடது மூலையில், பின்னால் ஓடும் புரோகிராம்களின் ஐகான்கள் இருந்த பழைய ட்ரே போனது, 2018-ல் 3.28 வந்தபோது டெஸ்க்டாப் ஐகான்கள் போயின. உங்கள் எரிச்சல் புதிது இல்லை, நாம் எல்லாம் ஒரே வரிசையில் நிற்கிறவர்கள்தான்.

சரி, ஏன் எடுக்கிறார்கள்? எனக்கு இது புரிந்தது எங்கள் ஊர் வீட்டில். பள்ளத்தூரில் எங்களுக்குப் பங்கு உள்ள வளவு வீடு ஒன்று இருக்கிறது, முகப்பிலிருந்து பின்கட்டு வரைக்கும் ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரை நீளும் வீடு. பங்காளிகள் பதினோரு பேர், பாதிப் பேர் சென்னை, மீதி சிங்கப்பூர். இரண்டாம் கட்டில் ஓடு உடைந்து மழை இறங்கி உத்தரம் ஊறிப்போனது, அதனால் அதைப் பூட்டிவிடுவது என்று முடிவு செய்தார்கள். நான்தான் குதித்தேன், நாளைக்கு ஒரு விசேஷம் என்றால் பந்தியை எங்கே போடுவது என்று. மூத்த பங்காளி ஒருவர் கேட்டார், "போன வருஷம் ஓடு மாத்துனமே, நீ எவ்வளவு குடுத்தே?" நான் ஒன்றும் கொடுக்கவில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

குனோம்காரர்கள் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். டெஸ்க்டாப் ஐகான்களைக் காட்டிய புரோகிராம் பழையது, பிழைகள் நிறைய, இரண்டு மானிட்டர் வைத்தால் சரியாக வேலை செய்யாது, பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, அது இருக்கும் வரை நாட்டிலஸில் மற்ற பெரிய வேலைகளைத் தொட முடியாது. எடுக்க வேண்டாம், ஒரு ஆப்ஷனாக ஒளித்து வைக்கலாமே என்று நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் பூட்டி வைத்த அறையிலும் கரையான் ஏறத்தான் செய்யும். ஒளிந்திருக்கும் ஆப்ஷனையும் ஒவ்வொரு வெர்ஷனுக்கும் யாராவது சோதித்துப் பார்க்க வேண்டும்.

இதெல்லாம் ஒத்துக்கொள்கிறேன். இருந்தும் என் கோபம் போகவில்லை, ஏனென்றால் வீட்டைப் பூட்டும் முன் பங்காளிகள் எல்லோருக்கும் சொன்னார்கள், சாமான்களை எடுத்துக்கொள்ள ஒரு மாதம் கொடுத்தார்கள், பந்திக்கு முகப்பில் கொட்டகை போடலாம் என்று வழியும் பேசி முடித்த பிறகுதான் பூட்டினார்கள். இங்கே முதலில் பூட்டு, கொட்டகை அப்புறம். ஐகான்களுக்குப் பதிலாக ஒரு எக்ஸ்டென்ஷன், அதாவது குனோம் மேல் ஒட்டிக்கொள்ளும் சின்ன புரோகிராம், வந்தது, உண்மைதான். 18.04-ல் உபுண்டு பழைய நாட்டிலஸ் 3.26-ஐயே வைத்துச் சமாளித்தது, 20.04-ல் அந்த எக்ஸ்டென்ஷனைக் கொடுத்தார்கள். கடையில் முன்னால் இருக்கும் மெஷினில் போட்டுப் பார்த்தேன். டெஸ்க்டாப்பில் இருக்கும் படத்தைப் பிடித்து ஒரு ஃபோல்டர் ஜன்னலுக்குள் இழுத்துப் போட முடியவில்லை. ஐகான் கண்ணுக்குத் தெரியும், கைக்கு வராது.

இப்போது உங்களுக்கு என்ன செய்யலாம் என்பது. குறை சின்னது என்றால், அதாவது மினிமைஸ் பட்டன் மாதிரி, ட்வீக்ஸ் என்ற அமைப்புக் கருவியை நிறுவினால் டைட்டில் பாரில் திரும்ப வைத்துக்கொள்ளலாம். ஃபைல் மேனேஜர் மட்டும்தான் தொல்லை என்றால் குனோமிலேயே இருந்துகொண்டு நெமோ போட்டுக்கொள்ளுங்கள், அது நாட்டிலஸில் வெட்டியதைப் பார்த்து லினக்ஸ் மின்ட் (உபுண்டு மாதிரி இன்னொரு லினக்ஸ்) ஆட்கள் 2012-ல் பிரித்தெடுத்தது, எஃப் 3 அதில் இருக்கிறது. எக்ஸ்டென்ஷன்களை மட்டும் நம்பி ஒரு கடையை நடத்தாதீர்கள், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஏதாவது உடையும், 2023-ல் குனோம் 45 வந்தபோது பழைய எக்ஸ்டென்ஷன் எதுவுமே திருத்தி எழுதாமல் ஓடவில்லை.

நான் பின் மெஷினை 2014-லேயே லினக்ஸ் மின்டின் மாட்டே பதிப்புக்கு மாற்றிவிட்டேன், ஐகான் கூத்துக்குப் பிறகு முன் மெஷினும் அதற்கே போனது. மாட்டே என்பது பழைய குனோம் 2-ஐ விட மனசில்லாமல் 2011-ல் அர்ஜென்டினாக்காரர் ஒருவர் தொடங்கியது, பெயர்கூட அந்தப் பக்கம் குடிக்கிற மூலிகை டீயின் பெயர். அதிலும் குறை உண்டு. கை குறைவு, வேலை மெதுவாகத்தான் நடக்கும், 1.26 வந்தது 2021-ல், அடுத்த 1.28 வந்தது 2024-ல். திரையில் ஜன்னல்களை வரையும் புது முறையான வேலண்டு பக்கமும் இன்னும் முழுதாகப் போய்ச் சேரவில்லை. எனக்கு இந்த மெதுதான் வேண்டும், உங்களுக்குப் புது லேப்டாப்பில் இரண்டு மானிட்டர், வேறு வேறு ஸ்கேலிங் என்றெல்லாம் தேவை இருந்தால் குனோமே மேல், அதை மறைக்க மாட்டேன். எதற்கு மாறினாலும் லைவ் யுஎஸ்பியில், அதாவது கம்ப்யூட்டரில் நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே ஓடும்படி போட்டு, தினமும் செய்கிற வேலையை அரை நாள் செய்து பார்த்துவிட்டு மாறுங்கள். முகூர்த்த மாதத்தில் வேண்டாம்.

டைப்பிஸ்ட் அண்ணன் இன்னும் எங்கள் கடையில்தான் இருக்கிறார். போன மாதம் அவருக்கு ஒரு புது லேப்டாப் வாங்கி, அதே மாட்டே போட்டு, அதே மாதிரி எல்லாம் வைத்துக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் கடை முழுக்கப் பாட்டு அலறியது. அவர் எஃப் 3-ஐ அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறார், அந்த லேப்டாப்பில் அது சத்தம் கூட்டுகிற பட்டன். உள்ளேயிருந்து குரல் வந்தது, "தம்பி, மறுபடியும் எடுத்துட்டாங்க போல!"