அடிக்கிற பிள்ளைக்கு முதலில் காதைப் பாருங்கள்

உங்கள் மூன்றரை வயது மகன் நர்சரியில் மற்ற பிள்ளைகளை அடிக்கிறான், கடிக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். தாத்தாவின் முன்கோபம் பேரனுக்கும் இறங்கிவிட்டது என்று உங்கள் மாமியார் சொன்னாராம். அந்தப் பேச்சை அவரோடு விட்டுவிடுங்கள். மூன்றரை வயதில் அடிப்பதும் தள்ளுவதும் கடிப்பதும் ரத்தத்தில் வந்த கோளாறு அல்ல. கனடாவில் ரிச்சர்ட் ட்ராம்ப்ளே என்ற ஆய்வாளர் குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தவர். மனிதர்கள் அதிகமாகக் கை நீட்டுவது இரண்டிலிருந்து நான்கு வயதுக்குள்தான், பிறகு பெரும்பாலான பிள்ளைகளிடம் அது தானாகக் குறைகிறது என்பது அவர் கண்டது. உங்கள் மகன் ரவுடியாக வளர்வானா என்று ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு விஷயம் எனக்குப் பிடிபட்டது. “கூப்பிட்டால் திரும்பவே மாட்டான், அவ்வளவு பிடிவாதம். ஜூனில் மழை தொடங்கியதிலிருந்து மூக்கடைப்பு, வாயைத் திறந்துகொண்டுதான் தூங்குகிறான்.”

பிடிவாதம் என்று எதை வைத்து முடிவு கட்டினீர்கள்? அவனுக்குக் கேட்கவே இல்லையென்றால்?

சளி பிடித்த பிறகு, செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக்கொள்வது இந்த வயதில் மிகச் சாதாரணம். மூக்கின் பின்புறம் உள்ள அடினாய்டு சதை வீங்கியிருந்தால் இன்னும் எளிதாகக் கோக்கும். வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது, சீழும் வராது. அதனால் வீட்டில் யாருக்கும் தெரியாது. பிள்ளைக்கோ கிணற்றில் முங்கிக்கொண்டு கரையில் பேசுவதைக் கேட்பது போல இருக்கும். டிவி கேட்கும், கதவு அடித்தால் திரும்புவான். மெதுவாகப் பேசினாலோ பின்னாலிருந்து கூப்பிட்டாலோ போச்சு. அதுவும் ஒரு வாரம் நன்றாகக் கேட்கும், மறுவாரம் மந்தமாகிவிடும். அதனால்தான் ‘வேணும்னே பண்றான்’ என்று பழி விழுகிறது.

இப்படிப்பட்ட பிள்ளையை இருபது குழந்தைகள் கூச்சல் போடும் அறையில் விட்டால் என்ன ஆகும்? டீச்சர் ‘எல்லோரும் வரிசையில் நில்லுங்கள்’ என்றது அவனுக்கு எட்டவில்லை. பக்கத்துப் பையன் ‘நான் ஒரு தடவை ஓட்டித் தரேன்’ என்று கேட்டுவிட்டுத்தான் காரை எடுத்தான், ஆனால் இவன் கண்ணுக்கு அது பிடுங்கல். கை ஓங்குகிறான். சுற்றியிருந்த சத்தத்தில் பேச்சில் பாதியை அவன் தவறவிட்டது யாருக்கும் தெரியாது.

வீட்டில் தமிழ், நர்சரியில் மலையாளம், அதனால் குழம்பிவிட்டான் என்று டீச்சர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பாலக்காட்டில் தமிழக எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையிலும் சித்தூரிலும் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் இரண்டு மொழியிலும் பேசித்தான் வளர்கிறார்கள். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. மொழிதான் சிக்கல் என்றால் வீட்டில் தமிழாவது தெளிவாக வர வேண்டும். ‘அவன் பேசுவது எங்களுக்குப் புரியும், பக்கத்து வீட்டாருக்குப் புரியாது’ என்கிறீர்களே, மூன்றரை வயதில் வெளியாளுக்கும் பெரும்பகுதி புரிந்தாக வேண்டும். காதைச் சந்தேகிக்க இது இரண்டாவது காரணம்.

‘பிறந்தவுடன் ஆஸ்பத்திரியில் காது டெஸ்ட் செய்தார்கள், பாஸ்’ என்ற சமாதானம் செல்லாது. அது அன்றைய காதுக்கான சான்றிதழ், இந்த மழைக்காலத்துக்கு அல்ல. பாலக்காட்டிலோ கோவையிலோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய் இரண்டு பரிசோதனை கேளுங்கள். ஒன்று டிம்பனோமெட்ரி, அதாவது செவிப்பறை எப்படி அசைகிறது என்று பார்ப்பது. காதில் சின்ன முனையை வைத்துச் சில நொடிகளில் முடிந்துவிடும், வலிக்காது. இன்னொன்று, சத்தம் கேட்டதும் ஒரு கட்டையை டப்பாவில் போடச் சொல்லி விளையாட்டாகவே கேட்கும் திறனை அளப்பது. செலவுக்கு யோசித்தால், மத்திய அரசின் ஆர்.பி.எஸ்.கே. என்ற குழந்தைகள் உடல்நலத் திட்டத்தில் மாவட்ட அளவில் ஆரம்பகட்டத் தலையீட்டு மையங்கள் உண்டு, அங்கே இலவசம். நீர் இருப்பது தெரிந்தால் பதற வேண்டாம், பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் தானாக வற்றிவிடும். வற்றாமல் கேட்பதும் குறைந்தே இருந்தால்தான் செவிப்பறையில் சின்னக் குழாய் வைப்பது, அடினாய்டை எடுப்பது பற்றிய பேச்சு வரும்.

அதற்குள் பூண்டு காய்ச்சிய எண்ணெயை ஊற்றியிருக்கிறீர்கள்! நீர் இருப்பது செவிப்பறைக்கு உட்புறம், எண்ணெய் நிற்பது வெளிப்புறம். ஓட்டை இருந்திருந்தால் எண்ணெய் உள்ளேயே போயிருக்கும். நிறுத்துங்கள். ‘ஆள் அடங்க’ மெடிக்கலில் கேட்டு வாங்கிய தூக்கம் வரும் சளி சிரப்பையும் சாக்கடையில் கொட்டுங்கள். அந்த வகை மருந்து சில பிள்ளைகளை இன்னும் ஆட்டம் போட வைக்கும், காதில் கோத்த நீரையும் வற்ற வைக்காது. மிச்சமிருக்கும் ஆன்டிபயாட்டிக்கையும் கொடுக்காதீர்கள்.

மற்றவை. பல்லை நறநறவென்று கடிப்பது பூச்சியால் அல்ல, அதற்காகத் தனியாக மருந்து வேண்டாம், அங்கன்வாடியில் கொடுக்கும் பூச்சி மாத்திரை போதும். சர்க்கரை தின்றால் முரடாக மாட்டான். சுற்றிப் போடுவதால் கெடுதல் இல்லை, போட்டுக்கொள்ளுங்கள். ஏ.டி.எச்.டி. (கவனம் நிற்காமல் துறுதுறுவென்று இருக்கும் கோளாறு) என்ற பட்டத்தை நான்கு வயதுக்கு முன் பொதுவாகக் கொடுப்பதில்லை. ‘ஆட்டிசத்தின் பத்து அறிகுறிகள்’ வீடியோவை மூன்று முறை பார்த்ததாகச் சொல்கிறீர்கள். பொம்மையைக் கொண்டுவந்து காட்டுகிறான், பாட்டிக்கு வெறும் கிண்ணத்தில் சோறு ஊட்டி விளையாடுகிறான் என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்தபின் எனக்கு அந்தக் கவலை பெரிதாக இல்லை. ஆனால் முன்பு பேசிய சொற்கள் திடீரென்று காணாமல் போனாலோ, கண்ணைப் பார்ப்பது குறைந்தாலோ ஒரு வாரம்கூடக் காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் போங்கள்.

நர்சரியை நிறுத்த வேண்டாம். டீச்சரிடம் இவனை முன்வரிசையில், அவர் முகம் தெரியும்படி உட்கார வைக்கச் சொல்லுங்கள். கூப்பிடும் முன் தோளைத் தொட்டு, முகம் திரும்பியபின் பேசச் சொல்லுங்கள். அடித்தால் முதலில் அடிபட்ட பிள்ளையைக் கவனிக்கட்டும். பிறகு இவன் கையைப் பிடித்து, ‘அடிக்கக் கூடாது, கேட்டு வாங்கு’ என்று ஒரே வரி போதும். நீண்ட உபதேசம் அவன் காதில் ஏறாது, இப்போதைய நிலையில் கேட்கவும் கேட்காது. ‘வேணம்’ (வேண்டும்), ‘மதி’ (போதும்), ‘வேண்டா’ (வேண்டாம்) என நான்கைந்து மலையாளச் சொற்களை வீட்டில் விளையாட்டாகப் பழக்குங்கள்.

கடித்த அன்று நீங்கள் அவனைத் திருப்பிக் கடித்துக் காட்டினீர்களாம், வலி தெரியட்டும் என்று. அதை இனிமேல் செய்யாதீர்கள். வலி தெரிந்திருக்கும், பெரியவர்கள் கடிக்கலாம் என்பதும் சேர்ந்தே தெரிந்திருக்கும். டெஸ்டில் காதில் குறை இல்லை என்று வந்தால் அதே ஆரம்பகட்டத் தலையீட்டு மையத்தில் பேச்சு, வளர்ச்சி இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். எந்த நேரத்தில், எதற்குப் பிறகு அடிக்கிறான் என்று டீச்சரை இரண்டு வாரம் குறித்துத் தரச் சொல்லி, அந்தத் தாளையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.