ஆறிய காசநோய்க் குழியில் பூஞ்சைப் பந்து

மியான்மரின் மோல்மீனிலிருந்து ஒரு வாசகர் எழுதுகிறார்: "என் அப்பாவுக்கு வயது 61. அரிசி ஆலையில் முப்பது ஆண்டுகள் உழைத்தவர். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் டிபி வந்து, ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டுக் குணமானார். இந்த மழைக்காலம் தொடங்கியதிலிருந்து இருமல் நிற்கவில்லை. எடை குறைகிறது. இரண்டு முறை சளியில் இரத்தம் கீற்றாக வந்தது. சளிப் பரிசோதனையில் டிபி இல்லை என்றார்கள். எக்ஸ்ரேயில் வலப்பக்க மேல் நுரையீரலில் பழைய குழிக்குள் உருண்டையாக ஏதோ தெரிகிறது. பூஞ்சையாக இருக்கலாம் என்கிறார் டாக்டர். எங்கள் வீட்டுச் சுவரெல்லாம் பூசணம். அதனால்தான் வந்ததா? என் இரண்டு பிள்ளைகளுக்கும் தொற்றுமா? எதற்கும் இருக்கட்டும் என்று டிபி மாத்திரையை மறுபடி தொடங்கலாமா? அம்மா இரு வேளையும் சாம்பிராணி போடுகிறார், புளித்த மாவில் இட்லி தரக் கூடாது என்கிறார். மற்றபடி அப்பாவுக்கு வேறு நோய் எதுவும் கிடையாது. மூட்டு வலிக்கு மட்டும் இரண்டு வருடமாகக் கடையில் பொட்டலம் வாங்கிப் போடுகிறார். முகம்கூடக் கொஞ்சம் உப்பியிருக்கிறது."

உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தவை கடைசி இரண்டு வரிகள்தாம். போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் எடை குறைந்துகொண்டே போகிற ஒருவருக்கு முகம் மட்டும் உப்புகிறது என்றால், அந்தப் பொட்டலத்தில் ஸ்டீராய்டு இருக்கிறதோ என்றுதான் முதலில் சந்தேகப்படுவேன். சிறு பிளாஸ்டிக் உறையில் நான்கைந்து நிற மாத்திரைகளைக் கலந்து போட்டுத் தருவார்களே, அதில் பிரெட்னிசோலோனோ டெக்ஸாமெத்தாசோனோ ஒன்று ஒளிந்திருப்பது நம் ஊரில் புதிதில்லை. வலி மாயமாய் மறைவதற்கு அதுதான் காரணம். அதற்கு நுரையீரல் என்ன விலை கொடுக்கிறது என்பதைச் சொன்னால் உங்கள் மற்றக் கேள்விகளுக்கும் பதில் தானாக வந்துவிடும்.

முதலில் சுவரைப் பார்ப்போம். ஆண்டுக்கு 4,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் ஊரில் பூசணம் இல்லாத சுவரை நான் பார்த்ததில்லை. டாக்டர் சந்தேகிக்கும் பூஞ்சையின் பெயர் ஆஸ்பர்ஜில்லஸ். 1729இல் மிக்கேலி என்ற இத்தாலியப் பாதிரியார் இதை உருப்பெருக்கியில் பார்த்து, தேவாலயத்தில் தீர்த்தம் தெளிக்கும் கருவியைப் போல இருக்கிறதே என்று அந்தப் பெயரை வைத்தார். நம்மவர் யாராவது பார்த்திருந்தால் பன்னீர்ச் செம்பு என்று பெயர் வைத்திருப்பார்கள். நீண்ட கழுத்து, உருண்டைத் தலை, அதிலிருந்து சிதறும் துளிகள். அந்தத் துளிகள்தாம் வித்துகள். ஒவ்வொன்றும் 2 முதல் 3 மைக்ரோமீட்டர்தான். ஈரச் சுவரில் மட்டுமல்ல, மட்கும் குப்பைமேட்டில், நனைந்த வைக்கோலில், நெல் மூட்டையில், பூந்தொட்டி மண்ணில் எல்லாம் இருக்கும். நீங்கள், நான், உங்கள் பிள்ளைகள் எல்லாரும் நாள்தோறும் நூற்றுக்கணக்கில் இவற்றை மூச்சோடு இழுத்துக்கொண்டிருக்கிறோம். நமக்கு ஒன்றும் ஆவதில்லை. ஏன் ஆவதில்லை என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

மூக்கிலும் மூச்சுக்குழாயிலும் சளிப்படலம் பெரும்பாலான தூசியைப் பிடித்துவிடுகிறது. அடியிலுள்ள நுண்மயிர்கள் அதைத் தொண்டைப் பக்கமாகத் தள்ளிவிடுகின்றன. ஆனால் இந்த வித்துகள் மிகச் சிறியவை. சில, காற்று நுண்ணறை வரை போய்ச் சேர்ந்துவிடும். அங்கே வீட்டோடு தங்கியிருக்கும் காவலாளிகள் உண்டு. மேக்ரோஃபேஜ் என்று பெயர். தமிழில் பெருவிழுங்கி என்கிறோம். நுண்ணறைகளுக்குள்ளே ஊர்ந்து திரிந்து, தூசி, கிருமி, இறந்த அணு எதைக் கண்டாலும் விழுங்கிச் செரிப்பது அதன் தொழில்.

வித்தும் லேசுப்பட்டதல்ல. அதன் மேல் நீர் ஒட்டாத ஒரு புரதப் போர்வை இருக்கிறது. அதற்கு அடியில் மெலனின், நம் தோலுக்கு நிறம் தரும் பொருளின் ஒன்றுவிட்ட உறவு. இந்த இரண்டும் இருக்கும்வரை அதைப் பகை என்று இனம்காண்பது கடினம். விழுங்கிய பிறகும் செரிக்கும் வேலையை மெலனின் கெடுக்கப் பார்க்கும். ஆனால் வித்து வளர வேண்டுமானால் ஈரத்தை உறிஞ்சி ஊத வேண்டும். ஊதினால் போர்வை கிழியும். நுரையீரலின் வெதுவெதுப்பில் சில மணி நேரத்தில் இது நடக்கத் தொடங்குகிறது. போர்வைக்குக் கீழிருந்து பீட்டா குளூக்கான் என்ற சர்க்கரைச் சங்கிலி வெளியே தெரிகிறது. பெருவிழுங்கியின் மேற்பரப்பில் அதைத் தொட்டறியவே டெக்டின்-1 என்ற உணரி இருக்கிறது. அது பீட்டா குளூக்கானைப் பிடிக்கும் உணரி என்பது 2001இல்தான் தெரியவந்தது. வளராமல் கிடந்தால் வித்தை யாரும் சீண்டுவதில்லை. வளரத் துணிந்த கணமே அகப்பட்டுக்கொள்கிறது. உடம்புக்கும் இது வசதிதான். இழுக்கிற ஒவ்வொரு மூச்சுக்கும் போர் தொடங்கினால் நுரையீரல் வெந்தே போய்விடும்.

அகப்பட்டதும் பெருவிழுங்கி தன் வேலையைச் செய்தபடியே இரத்தத்துக்கு ஆள் அனுப்புகிறது. நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளை அணுக்கள் திரண்டு வருகின்றன. வித்து அரை நாள் தப்பிப் பிழைத்தால் இழையாக நீண்டுவிடும். இழையை ஒரு தனி அணுவால் விழுங்க முடியாது, கயிற்றை முழுங்குவது போலத்தான். எனவே நியூட்ரோஃபில்கள் கூட்டமாகச் சூழ்ந்து, வீரியமிக்க ஆக்சிஜன் சேர்மங்களை அதன்மீது உமிழ்கின்றன. பூஞ்சைக்குத் துத்தநாகம் கிடைக்காமல் கட்டிப்போடும் புரதத்தைக் கொட்டுகின்றன. சில, தம் மரபுப்பொருளையே வலையாக வீசி அதன்மீது போட்டுவிட்டுச் செத்தும் போகின்றன. இந்த ஆக்சிஜன் சேர்மத்தைத் தயாரிக்க முடியாத மரபுக்குறையோடு பிறக்கும் குழந்தைகள் உண்டு. அவர்களுக்கு ஆஸ்பர்ஜில்லஸ் உயிருக்கே உலை வைக்கும். அதே வீட்டில், அதே காற்றை மூச்சிழுக்கும், அந்தக் குறை இல்லாத அண்ணன் தம்பிகளுக்கு ஒன்றும் வராது.

இப்போது உங்கள் அப்பாவுக்கு வருவோம். அவருக்கு இரண்டு இடத்தில் காவல் உடைந்திருக்கிறது.

ஒன்று, டிபி விட்டுச்சென்ற குழி. மருந்து கிருமியைக் கொன்றது உண்மைதான், அரித்துப்போன திசுவைத் திரும்பக் கட்டித் தரவில்லை. குழியின் சுவர் தழும்பு. அங்கே நுண்மயிர் இல்லை, எனவே தள்ளிவிட வழியில்லை. குழியின் நடுவிலோ இரத்த ஓட்டமே கிடையாது. நியூட்ரோஃபில் இரத்தத்தில் பயணம் செய்கிற ஆள்; சாலை முடிகிற இடத்தில் அது நின்றுவிடுகிறது. உள்ளே விழுந்த வித்து நிதானமாக இழை விட்டு, சளியையும் செத்த அணுக்களையும் சேர்த்துச் சுருட்டிப் பந்தாகிவிடுகிறது. 1968இல் பிரிட்டனில், டிபி ஆறிய பின் 2.5 சென்டிமீட்டருக்குக் குறையாத குழி எஞ்சியிருந்த 544 பேரின் இரத்தத்தைச் சோதித்தார்கள். நான்கில் ஒருவருக்கு ஆஸ்பர்ஜில்லஸுக்கு எதிரான எதிர்ப்புப் புரதம் இருந்தது. ஆகவே உங்கள் அப்பா அபூர்வமான நோயாளி அல்லர். டிபி அதிகமுள்ள நம் நாட்டில் இதைத் தேடினால் அடிக்கடி கிடைக்கும், பெரும்பாலும் தேடுவதில்லை.

இரத்தம் ஏன் வருகிறது என்றால், குழியின் சுவருக்கு வெளியே போர் நின்றபாடில்லை. உள்ளே போக முடியாத நியூட்ரோஃபில்கள் சுவரிலேயே நொதிகளைக் கொட்டுகின்றன. அழற்சியால் அங்கே புது இரத்தக் குழாய்கள் முளைக்கின்றன. அவை மெல்லியவை, ஆனால் மூச்சுக்குழாய்த் தமனியிலிருந்து வருவதால் அழுத்தம் அதிகம். ஒரு பெரும் இருமலில் விரிசல் விட்டால் போதும்.

இரண்டு, அந்தப் பொட்டலம். ஸ்டீராய்டு உள்ள உடம்பில் பெருவிழுங்கி வித்தை விழுங்கும், கொல்லாது. வாயில் அடக்கிக்கொண்டு சும்மா இருக்கும். ஆள் அனுப்பும் சேதியும் மங்கிப்போகும். இரத்தத்தில் வெள்ளை அணு எண்ணிக்கையைப் பார்த்தால் சரியாகவே இருக்கும், சில நேரம் கூடுதலாகக்கூட இருக்கும். இதைக் கண்டு ஏமாறும் டாக்டர்களும் உண்டு. எண்ணிக்கை குறைவதில்லை, வேலைதான் குறைகிறது. இன்னும் ஒரு வேதனை: ஆய்வுக்கூடத்தில் ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு கலந்த ஊடகத்தில் ஆஸ்பர்ஜில்லஸை வளர்த்துப் பார்த்தபோது அது வேகமாகவே வளர்ந்தது. காவலாளிக்குத் தூக்க மருந்து, திருடனுக்குச் சத்து மாத்திரை. காவல் சரியாக இருக்கும்வரை பந்து குழிக்குள்ளேயே கிடக்கும். ஸ்டீராய்டு தொடர்ந்தால் இழைகள் சுவரைத் துளைத்துப் பக்கத்துத் திசுவுக்குள் மெல்ல நுழையலாம். அவருடைய எடை குறைவதைப் பார்த்தால் எனக்கு அந்தக் கவலைதான்.

அப்படியானால் இன்றே நிறுத்திவிடலாமே என்று தோன்றும். தயவுசெய்து வேண்டாம். இரண்டு வருடம் வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்ததால், உடம்புக்கு வேண்டிய ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி தன் கடையைச் சாத்தியிருக்கும். திடீரென்று நிறுத்தினால் இரத்த அழுத்தம் சரிந்து மயங்கி விழலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். பொட்டலத்தைத் தூக்கி எறியாமல் அப்படியே நெஞ்சுநோய் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். எந்த மாத்திரை எது என்று பிரித்து, வாரக் கணக்கில் படிப்படியாகக் குறைத்துத் தருவார். அதிலிருக்கும் வேறு வலி மாத்திரைகள் இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தக் கூடியவை. இரத்தச் சளி உள்ளவருக்கு அவையும் ஆகாது.

டிபி மாத்திரையை "எதற்கும் இருக்கட்டும்" என்று தொடங்குவது இங்கே செய்யக்கூடிய மிகப் பெரிய தவறு. இந்தப் பூஞ்சைக்கு வழக்கமாகக் கொடுப்பது இட்ராகோனசோல். டிபி மருந்தான ரிஃபாம்பிசின் கல்லீரலை முடுக்கிவிட்டு, இட்ராகோனசோலை இரத்தத்தில் இருந்த இடம் தெரியாமல் செய்துவிடும். இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் பூஞ்சை மருந்து சாப்பிடாத கணக்குத்தான். டிபி திரும்பியிருக்கிறதா என்பது நியாயமான சந்தேகம். அதை இன்னொரு முறை சளி கொடுத்து, டிபி கிருமியின் மரபுப்பொருளைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் பரிசோதனையிலும், கிருமியை வளர்த்துப் பார்க்கும் வளர்ப்புப் பரிசோதனையிலும் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

கூடவே பூஞ்சைக்கு எதிரான எதிர்ப்புப் புரதத்தைத் தேடும் ஆஸ்பர்ஜில்லஸ் ஐஜிஜி என்ற இரத்தப் பரிசோதனையும், முடிந்தால் நெஞ்சுக்கு சிடி ஸ்கேனும் எடுக்கச் சொல்லுங்கள். ரங்கூன் வரை போக வேண்டியிருக்கலாம். இரத்தச் சர்க்கரையைக் கட்டாயம் பாருங்கள். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், ஏறிய சர்க்கரை நியூட்ரோஃபில்களை மேலும் மந்தமாக்கும். எச்ஐவி பரிசோதனையையும் கூச்சப்படாமல் கேளுங்கள். நம் பக்கத்து மலைநாடுகளில் டாலரோமைசஸ் மார்னெஃபி என்று வேறொரு பூஞ்சை உண்டு. 1956இல் வியட்நாமில் ஒரு மூங்கில் எலியிடம் முதன்முதலாகக் கண்டறிந்தார்கள். தன்னை விழுங்கிய பெருவிழுங்கிக்குள்ளேயே அது குடித்தனம் நடத்தி, அந்த அணுவையே வாகனமாக்கி உடம்பெங்கும் பரவும். எச்ஐவியால் எதிர்ப்பாற்றல் மிகவும் சரிந்தவர்களைத்தான் பெரும்பாலும் பிடிக்கிறது. முகத்தில் நடுவே குழி விழுந்த சிறு பருக்கள், விடாத காய்ச்சல் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். உங்கள் அப்பாவின் எக்ஸ்ரே அந்தக் கதையைச் சொல்லவில்லை என்றாலும் பார்த்துவிடுவது நல்லது.

மருந்துக்கடையில் போய் "பூஞ்சை மாத்திரை" என்று கேட்காதீர்கள். ஃப்ளூகோனசோலைத்தான் எடுத்துத் தருவார்கள். ஆஸ்பர்ஜில்லஸிடம் அது செல்லாக்காசு. இட்ராகோனசோல் கேப்சூலைச் சாப்பாட்டோடு போட வேண்டும். வயிற்றெரிச்சல் மாத்திரை சேர்ந்தால் உடம்பில் ஏறாது. குறைந்தது ஆறு மாதம். இதயம் பலவீனமானவருக்கு ஆகாது, எனவே கால் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ உடனே சொல்ல வேண்டும். இன்னொன்று: டெக்ஸாமெத்தாசோன் உடம்பைவிட்டு வெளியேறுவதை இட்ராகோனசோல் தடுத்துவிடும். பொட்டலத்தை ரகசியமாகத் தொடர்ந்தால் அதே ஸ்டீராய்டு பல மடங்காக வேலை செய்யும். அப்பாவிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். பந்து ஒன்றே ஒன்றுதான், மற்ற நுரையீரல் நன்றாக இருக்கிறது என்றால் அறுவைச் சிகிச்சையும் ஒரு வழி.

இரத்தம் கீற்றாக வருவதற்கும் கிண்ணத்தில் பிடிக்கும் அளவுக்கு வருவதற்கும் வேறுபாடு உண்டு. அரைக் கிண்ணம் வந்தாலே விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அவரை வலப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். கெட்ட பக்கம் கீழே இருந்தால் இரத்தம் நல்ல நுரையீரலுக்குள் வழியாது.

பிள்ளைகளுக்கு இந்தப் பூஞ்சை அவரிடமிருந்து தொற்றாது. தாத்தா மடியில் உட்காரலாம். டிபி இல்லை என்று இரண்டாம் முறையும் உறுதியாகும்வரை மட்டும், இருமும்போது அவர் வாயை மூடிக்கொள்ளட்டும்.

சுவரைச் சுத்தம் செய்யுங்கள், ஆனால் அப்பா அந்த நேரத்தில் வீட்டில் இருக்கக் கூடாது. உலர்ந்த துடைப்பத்தால் தேய்த்தால் வித்துகளை நீங்களே வீடு முழுக்கத் தூவியதாகும். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால், முகத்தில் என்95 மாஸ்க் அணிந்து துடையுங்கள். கூரை ஒழுக்கை அடைக்காமல் சுவரைத் துடைப்பதில் பயனில்லை. அரிசி ஆலைக்கு இப்போதைக்கு அவர் போக வேண்டாம். நனைந்த நெல்லும் உமித்தூசியும் உங்கள் வீட்டுச் சுவரைவிட மோசம்.

சாம்பிராணிப் புகை வித்துகளைக் கொல்லாது, மிஞ்சியிருக்கும் நுண்மயிர்களைத்தான் வாட்டும். சாமிக்கு ஓர் ஊதுபத்தி போதும், அதையும் வெளித் திண்ணையில் கொளுத்தச் சொல்லுங்கள். இட்லி மாவைப் புளிக்க வைக்கிற உயிர்களுக்கும் நுரையீரலுக்கும் வழக்கு எதுவும் இல்லை. எடை குறைந்திருக்கிற மனிதர். அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லி, இரண்டு இட்லி கூடவே வைக்கச் சொல்லுங்கள்.