தடுப்பவனா, பிடிப்பவனா?

கேள்வி: ஒஹாயோ மாநிலம் சின்சினாட்டியில் குடும்பத்தோடு வசிக்கிறேன். நானும் கல்லூரியில் படிக்கும் என் மகனும் இந்த ஊர் அமெரிக்கக் கால்பந்து அணியான பெங்கால்ஸின் ரசிகர்கள். ஏப்ரல் வந்தால் போதும், டிராஃப்டில் களத்தின் எந்த இடத்துக்கு ஆள் எடுக்க வேண்டும் என்று இருவருக்கும் தகராறு. 2021ல் ரிசீவர் ஜமார் சேஸை எடுத்தது தவறு, குவாட்டர்பேக்கைக் காக்க டேக்கிள் பெனே சூவலை எடுத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. இடத்தையே பார்க்கக் கூடாது, நம் முறை வரும்போது மிச்சமிருப்பவர்களில் யார் சிறந்தவரோ அவரை எடுக்க வேண்டும் என்பது அவன் கட்சி. சாப்பாட்டு நேரத்தில் இந்தப் பேச்சே கூடாது என்று என் மனைவி தடை போட்டுவிட்டார். யார் சொல்வது சரி? ரன்னிங் பேக்கை முதல் சுற்றில் எடுக்கலாமா என்பதையும் சொல்லுங்கள்.
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: சேஸ் விஷயத்தில் உங்கள் மகன் கட்சிதான் ஜெயிக்கிறது. ஆனால் அதற்கு அவர் சொல்லும் காரணம் தவறு. உங்கள் காரணத்தில் பாதி சரி, முடிவுதான் தவறு. இருவரையும் பகைத்துக்கொண்டாகிவிட்டது, இனி விளக்கத்துக்கு வருகிறேன்.

இந்த ஆட்டத்தைப் பார்க்காத மற்ற வாசகர்களுக்குச் சில வரிகள். ஐபிஎல் ஏலத்தில் கையில் பணம் இருப்பவர் கையைத் தூக்கலாம். அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் டிராஃப்டில் அது நடக்காது. கல்லூரி ஆட்டத்திலிருந்து வரும் இளைஞர்களை 32 அணிகளும் வரிசையில் நின்று ஏழு சுற்றுகளில் எடுக்கின்றன. போன பருவத்தில் படுமோசமாக ஆடிய அணி வரிசையின் முன்னால் நிற்கும், சாம்பியன் கடைசியில் நிற்கும். வரிசையில் தன் இடத்தை இன்னொரு அணிக்கு மாற்றிக் கொடுக்கலாம். முறை தொடங்கியது 1936ல். அந்த முதல் டிராஃப்டின் முதல் ஆளான ஜே பெர்வாங்கர் தொழில்முறை ஆட்டம் ஒன்றில்கூட இறங்கவில்லை. எனவே உங்கள் அணியின் தேர்வுகளைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்ளும்போது, அதற்கு நீண்ட மரபு உண்டு என்று ஆறுதல் கொள்ளலாம். களத்தில் குவாட்டர்பேக் பந்தை எறிவார், ரிசீவர் பிடிப்பார், ரன்னிங் பேக் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவார். குவாட்டர்பேக்குக்கு முன்னால் ஐந்து பேர் சுவராக நின்று எதிரணியைத் தடுப்பார்கள்: இரு ஓரங்களிலும் டேக்கிள்கள், உள்ளே இரண்டு கார்டுகள், நடுவில் சென்டர். எறிவதற்குள் அவரை வீழ்த்திவிட்டால் அது சாக்.

இப்போது 2021. அதற்கு முந்தைய நவம்பரில்தான் பெங்கால்ஸின் குவாட்டர்பேக் ஜோ பர்ரோவின் முழங்கால் போயிருந்தது. பெங்கால்ஸுக்கு ஐந்தாவது இடம். சேஸ், எல்எஸ்யூ பல்கலைக்கழகத்தில் பர்ரோவோடு சேர்ந்து தேசியப் பட்டம் வென்ற ரிசீவர். சூவல், ஆரிகன் பல்கலைக்கழகத்தின் டேக்கிள். முழங்காலை நினைத்தவர்கள் சூவல் என்றார்கள். அணி சேஸை எடுத்தது. சூவல் ஏழாவது இடத்தில் டெட்ராய்ட் லயன்ஸுக்குப் போய், லீக்கின் மிகச் சிறந்த டேக்கிள்களில் ஒருவராக வளர்ந்தார். சேஸ் முதல் பருவத்திலேயே பிடித்த பந்துகளில் 1455 கெஜம் எடுத்து, தாக்குதல் பிரிவின் சிறந்த புதுமுகம் ஆனார். இரண்டு பேருமே நல்ல தேர்வு. உங்கள் வீட்டுச் சண்டை முடியாமல் இழுப்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஒருவர் சோடை போயிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும்.

அந்தப் பருவத்தில் பர்ரோ 51 முறை சாக் ஆனார். டென்னசி டைட்டன்ஸுக்கு எதிரான பிளே-ஆஃப் ஆட்டத்தில் மட்டும் 9 முறை, அப்படியும் பெங்கால்ஸ் வென்றது. லீக்கின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுலில் 7 முறை, அதில் ராம்ஸிடம் 23-20 என்று தோற்றது. உங்கள் ஆற்றாமை அங்கேதான் பிறந்திருக்கும். அந்தக் கடைசி ஆட்ட நொடியைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். ராம்ஸின் ஆரன் டொனால்ட் ஓரத்தைச் சுற்றி வரவில்லை. கார்டைத் தாண்டி உள்வழியாக வந்து பர்ரோவைச் சுழற்றிப் போட்டார். ஓரத்தில் நிற்கும் டேக்கிளாகச் சூவல் அங்கே இருந்திருந்தாலும் அந்த ஓட்டையை அடைத்திருக்க மாட்டார்.

ஓட்டை உண்மை, அது உங்கள் பாதி. ஆனால் அது விழுந்தது முதல் சுற்றில் அல்ல, இரண்டாம் சுற்றில். பெங்கால்ஸ் அந்த ஆண்டு இரண்டாம் சுற்றில் தன் 38ஆவது இடத்தை மாற்றிக் கொடுத்துக் கீழே இறங்கி, 46ஆவது இடத்தில் ஜாக்சன் கார்மன் என்ற தடுப்பு வீரரை எடுத்தது. அவர் நிலைக்கவில்லை. 63ஆவது இடத்தில் கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் எடுத்த சென்டர் கிரீட் ஹம்ஃப்ரி, லீக்கின் தலைசிறந்த சென்டர் ஆனார். அதே சீஃப்ஸ் ஆறாம் சுற்றில், 226ஆவது இடத்தில், டிரே ஸ்மித் என்ற கார்டையும் பிடித்தது. அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் சீஃப்ஸ் சூப்பர் பவுலில் 31-9 என்று அடி வாங்கியிருந்தது. அவர்களுடைய குவாட்டர்பேக் மஹோம்ஸ் அன்று எறிந்ததைவிட உயிருக்குத் தப்பி ஓடியதே அதிகம். அதற்கு அவர்கள் செய்த வைத்தியத்தைப் பாருங்கள். ஜோ துனி என்ற கார்டை, ஒப்பந்தம் முடிந்த வீரர்களுக்கான மார்ச் மாதச் சந்தையில் பணம் கொடுத்து வாங்கினார்கள். ஓர்லாண்டோ பிரவுன் என்ற டேக்கிளுக்காக முதல் சுற்று இடத்தையே பால்டிமோர் அணிக்குக் கொடுத்தார்கள். மற்ற இருவர் இரண்டாம் சுற்றிலும் ஆறாம் சுற்றிலும் வந்தார்கள். ஒரே கோடையில் சுவர் எழும்பியது. அதன் பின்னால் நின்று மஹோம்ஸ் அடுத்தடுத்த பருவங்களில் இரண்டு பட்டம் வாங்கினார்.

ஆக, நீங்கள் கேட்ட ‘எந்த இடம்’ என்ற கேள்வியோடு இன்னொன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும்: இந்த வகை ஆள் வேறு எங்கே, என்ன விலைக்குக் கிடைப்பார்?

இங்கே பணக்கணக்கு வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். 2010ல் முதல் ஆளாக எடுக்கப்பட்ட சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறு ஆண்டுக்கு 7.8 கோடி டாலர் ஒப்பந்தம், அதில் 5 கோடி உறுதித் தொகை. ஒரு பந்துகூட எறியாமல்! அடுத்த ஆண்டு வீரர் சங்கத்தோடு போட்ட புதிய உடன்பாட்டில் புதுமுகங்களின் சம்பளத்துக்குக் கட்டு விழுந்தது. 2011ன் முதல் ஆள் கேம் நியூட்டனுக்கு நான்கு ஆண்டுக்குச் சுமார் 2.2 கோடிதான். அன்றிலிருந்து சம்பளத்தைத் தீர்மானிப்பது வரிசை எண் மட்டுமே. ஐந்தாவதாக வருபவர் குவாட்டர்பேக்காக இருந்தாலும், தற்காப்பின் பின்வரிசையில் நிற்கும் சேஃப்டியாக இருந்தாலும் தொகை ஒன்றுதான்.

வெளிச்சந்தையில் அப்படி இல்லை. ஓர் அணி தன் வீரரை ஓராண்டு வெளியே விடாமல் நிறுத்திவைக்க, களத்தின் ஒவ்வொரு இடத்துக்கும் லீக் ஒரு தொகை நிர்ணயிக்கிறது. 2024ல் அது குவாட்டர்பேக்குக்குச் சுமார் 3.83 கோடி, ரிசீவருக்கு 2.18 கோடி, தடுப்பு வரிசைக்கு 2.1 கோடி, சேஃப்டிக்கு 1.71 கோடி, ரன்னிங் பேக்குக்கு 1.2 கோடி டாலர். ஓர் அணி அந்த ஆண்டு மொத்தச் சம்பளத்துக்கே செலவிட அனுமதி 25.54 கோடிதான். சந்தையில் விலை உயர்ந்தவரை டிராஃப்டில் மலிவாகப் பிடிப்பதுதான் லாபம். சேஸ் நான்கு ஆண்டுக்கு வாங்கியது ஏறத்தாழ 3.1 கோடி. 2025ல் அவருக்கு அடுத்த நான்கு ஆண்டுக்குப் போட்ட ஒப்பந்தம் 16.1 கோடி! இந்த இடைவெளிதான் 2021ல் பெங்கால்ஸ் வாங்கிய பரிசு.

என் வரிசையைக் கேட்டால், நம்பும்படியான குவாட்டர்பேக் இல்லாத அணிக்கு வேறு பேச்சே இல்லை. இருந்தால் டேக்கிள், எதிரணிக் குவாட்டர்பேக்கைத் துரத்தும் எட்ஜ் ரஷர், ரிசீவர், எதிரணி ரிசீவரை ஒட்டி ஓடித் தடுக்கும் கார்னர்பேக் ஆகிய நான்கையும் முதல் சுற்றில் தேடுவேன். கார்ட், சென்டர், சேஃப்டி, தற்காப்பின் நடுவில் நிற்கும் உள் லைன்பேக்கர் ஆகியோரை இரண்டாம் சுற்றிலிருந்து பார்க்கலாம்.

உங்கள் மகனின் ‘சிறந்தவரை எடு’ கொள்கைக்கு வருகிறேன். கேட்க அழகாக இருக்கிறது. டெட்ராய்ட் லயன்ஸ் 2003ல் சார்லஸ் ராஜர்ஸ், 2004ல் ராய் வில்லியம்ஸ், 2005ல் மைக் வில்லியம்ஸ் என்று மூன்று ஆண்டு தொடர்ந்து முதல் சுற்றில் ரிசீவராகவே எடுத்தது. ஒவ்வொருவரும் அந்தந்த நேரத்தில் பட்டியலில் மேலே இருந்தவர்கள்தான். மைக் வில்லியம்ஸ் பத்தாவது. பதினோராவதாக டல்லாஸ் எடுத்த டிமார்கஸ் வேர் இன்று புகழ் மண்டபத்தில் இருக்கிறார். 2008ல் லயன்ஸ் பதினாறு ஆட்டம் ஆடிப் பதினாறிலும் தோற்றது. யார் சிறந்தவர் என்பது எவருக்கும் அவ்வளவு தெளிவாகத் தெரியாது என்பதுதான் சிக்கல். கேட் மாசி, பின்னாளில் பொருளாதார நோபல் பெற்ற ரிச்சர்ட் தேலர் இருவரும் இதைக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். களத்தில் ஒரே இடத்துக்கான வீரர்களில் முன்னால் எடுக்கப்பட்டவர், அடுத்து எடுக்கப்பட்டவரைவிட நன்றாக ஆடும் வாய்ப்பு 52 சதவீதம்தான். நாணயம் சுண்டினாலே 50 வருகிறது. அதனால்தான் ஒரே ஆளுக்காக இடங்களை வாரிக் கொடுத்து மேலே ஏறும் அணியைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும், குவாட்டர்பேக்குக்காக ஏறினால் ஒழிய. அதிலும் 2017ல் சிகாகோ மூன்றிலிருந்து இரண்டுக்கு ஏறி எடுத்தவர் மிட்சல் ட்ருபிஸ்கி, சீஃப்ஸ் 27லிருந்து பத்துக்கு ஏறி எடுத்தவர் மஹோம்ஸ். ஏறுவதற்கும் கண் வேண்டும்.

தேவை என்பதும் ஏமாற்றும். போன பருவத்துக் காயத்தைப் பார்த்து ஏப்ரலில் ஆள் எடுத்தால், அவர் தேறி வரும்போது அணியின் நோயே வேறாக இருக்கும். 2005ல் கிரீன் பே அணியிடம் குவாட்டர்பேக்காகப் பிரெட் ஃபாவ்ர் இருந்தார். அப்போதும் 24ஆவது இடத்தில் ஆரன் ராஜர்ஸ் என்ற இன்னொரு குவாட்டர்பேக்கை எடுத்து மூன்று ஆண்டு உட்கார வைத்தார்கள். இதில் உங்கள் மகனுக்கு அரை மதிப்பெண் தரலாம். விவரமான அணிகள் உடனடி ஓட்டைகளை மார்ச் சந்தையிலேயே அடைத்துவிட்டு, ஏப்ரலில் கட்டாயம் எதுவும் இல்லாமல் உட்காருகின்றன.

ஆனால் உங்கள் இருவரையும் ஒரு விஷயத்துக்காகக் கடிந்துகொள்ள வேண்டும். பெங்கால்ஸைப் பற்றிப் பேசுகிறீர்கள், தற்காப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை! 2024ல் பர்ரோ 4918 கெஜம் எறிந்தார், பந்தை எதிரணியின் கோட்டுக்கு அப்பால் சேர்க்கும் டச்டவுன் 43. இரண்டிலும் லீக்கில் முதலிடம். சேஸ் பிடிப்பு, கெஜம், டச்டவுன் மூன்றிலும் ரிசீவர்களில் முதலிடம். அணி 9 வெற்றி, 8 தோல்வி என்று முடித்துப் பிளே-ஆஃபுக்கே போகவில்லை. 38 புள்ளி எடுத்தும் இரண்டு ஆட்டங்களில் தோற்றது, பால்டிமோரிடம் 41-38, பிட்ஸ்பர்கிடம் 44-38. பர்ரோவுக்கு 27.5 கோடி, சேஸுக்கு 16.1 கோடி, இன்னொரு ரிசீவரான டீ ஹிக்கின்ஸுக்கு 11.5 கோடி என்று ஒப்பந்தம் போட்ட அணிக்குத் தற்காப்பை மலிவாக நிரப்ப டிராஃப்டை விட்டால் வழி ஏது? முயலாமல் இல்லை. 2022ல் டாக்ஸ் ஹில், 2023ல் மைல்ஸ் மர்ஃபி, 2025ல் ஷெமார் ஸ்டூவர்ட் என முதல் சுற்றில் தற்காப்பு ஆட்களாகவே எடுத்தார்கள். 2024 பருவம் முழுவதும் மர்ஃபிக்கு ஒரு சாக்கூடக் கிடைக்கவில்லை. அந்த ஆண்டு 17.5 சாக்கோடு லீக்கில் முதலிடம் பிடித்த டிரே ஹெண்ட்ரிக்சன் அப்போது அதே அணிக்காரர்தான், ஆனால் நியூ ஆர்லியன்ஸ் மூன்றாம் சுற்றில் எடுத்து வளர்த்து விட்ட அவரைப் பெங்கால்ஸ் சந்தையில் வாங்கியிருந்தது. இடத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்தாலும் ஆளை எடைபோடும் கண் இல்லாவிட்டால் என்னுடைய வரிசையும் காகிதத்தில்தான் இருக்கும். சேஸா சூவலா என்பதை ஓய்வு நாளுக்கு வைத்துக்கொண்டு, எட்ஜ் ரஷரா கார்னர்பேக்கா என்று சண்டை போடுங்கள். அதைச் சாப்பாட்டு நேரத்தில் போடக் கூடாது என்ற உங்கள் மனைவியின் தீர்ப்பில் நான் தலையிடுவதாக இல்லை.

இனி ரன்னிங் பேக். என் விலைக்கணக்குப்படி கூடாது. ஆனால் 2023ல் லயன்ஸ் பன்னிரண்டாவது இடத்தில் ரன்னிங் பேக் ஜமீர் கிப்ஸையும், பதினெட்டாவது இடத்தில் லைன்பேக்கர் ஜாக் கேம்ப்பெல்லையும் எடுத்தபோது என்னைப் போல் கணக்குப் போடுகிறவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அந்த அணி 12-5 என்று முடித்து, சூப்பர் பவுலுக்கு முந்தைய ஆட்டமான மாநாட்டு இறுதிப்போட்டி வரை போனது. ஆனால் கிப்ஸ் வந்தபோது சூவல் உட்பட நல்ல தடுப்பு வரிசை அங்கே ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது. நியூயார்க் ஜெயன்ட்ஸ் 2018ல் செய்தது நேர் எதிர். இரண்டாவது இடத்தில் சாக்வான் பார்க்லியை எடுத்தார்கள். அவர் அபாரமான ஆட்டக்காரர், அதில் சந்தேகமே இல்லை. ஆறு பருவம் அங்கே ஆடினார், அணி பெரும்பாலும் தோற்றுக்கொண்டே இருந்தது. அதே டிராஃப்டில் ஏழாவதாகப் போன ஜாஷ் ஆலனும் 32ஆவதாகப் போன லமார் ஜாக்சனும் குவாட்டர்பேக்குகள். பிலடெல்பியா ஈகிள்ஸ் முதலில் தடுப்பு வரிசையைக் கட்டிக்கொண்டு, 2024 மார்ச்சில் பார்க்லியைச் சந்தையில் வாங்கியது. அந்தப் பருவத்தில் அவர் 2005 கெஜம் ஓடினார், ஈகிள்ஸ் சூப்பர் பவுலை வென்றது. தடுப்பு வரிசை தயாராக இருந்தால் எடுக்கலாம். உங்கள் பெங்கால்ஸ் இப்போதைக்கு எடுக்கக் கூடாது.