7 லட்சம் சிடிசியா, 48,480 அடிப்படைச் சம்பளமா?

விருதுநகரிலிருந்து ஒரு அப்பா கேட்டிருக்கிறார். மகள் பி.இ. முடித்தவர், சென்னை ஐடி கம்பெனி ஒன்றில் சிடிசி 7 லட்சத்துக்கு ஆஃபர். ஐபிபிஎஸ் வங்கித் தேர்வு எழுதி பொதுத்துறை வங்கியில் பிஓ (புரொபேஷனரி ஆபீசர்) வேலையும் கிடைத்திருக்கிறது, அடிப்படைச் சம்பளம் 48,480. "வருஷத்துக்கு வங்கியில் 5.8 லட்சம்தான் வருகிறது, ஐடிதானே லாபம்?"

இல்லைங்க. சிடிசி என்பது உங்கள் மகளுக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு, அதிலிருந்து கழித்துக்கொண்டே வர வேண்டும். வங்கி சொல்லும் 48,480இல் கூட்டிக்கொண்டே போக வேண்டும்.

மாதிரிக்கு ஒரு கணக்கு. 7 லட்சத்தில் பாதி, அதாவது 3.5 லட்சம் பேசிக் என்றால், கம்பெனி கட்டும் பிஎஃப் 42,000, கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடை) ஏறக்குறைய 16,800, இன்சூரன்ஸ் பிரீமியம் ஒரு 10,000, வேரியபிள் பே (வேலைத் திறனையும் கம்பெனி லாபத்தையும் பார்த்துக் கொடுப்பது) 10 சதவீதம் என்று வைத்தால் 70,000, எல்லாமே அந்த 7 லட்சத்துக்குள்தான் இருக்கிறது. மிச்சத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 46,700 சொச்சம். அதில் மகள் பங்கு பிஎஃப் 3,500, தொழில் வரி எல்லாம் போக கைக்கு வருவது 43,000 பக்கம். பிஎஃப் எங்கும் போய்விடாது, அவருடைய பணம்தான். கிராஜுவிட்டிக்கு நிரந்தர வேலையில் 5 வருஷம் இருக்க வேண்டும், ஐடியில் எத்தனை பேர் ஒரே கம்பெனியில் அவ்வளவு நாள் இருக்கிறார்கள்?

இப்போது வங்கி. 48,480க்கு மேல் சிறப்பு அலவன்ஸ் 26.5 சதவீதம், இரண்டுக்கும் சேர்த்துப் பஞ்சப்படி (மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும்), அப்புறம் வீட்டு வாடகைப்படி. மொத்தம் 75,000ஐத் தாண்டும். என்பிஎஸ் (பென்ஷன் திட்டம்) பிடித்தம் போனாலும் கையில் 65,000க்குக் குறையாது. வங்கி தன் பங்காக என்பிஎஸ்ஸில் 14 சதவீதம் போடுவது தனி. வருமான வரியைப் பற்றி இரண்டு பக்கமும் கவலை வேண்டாம், புது வரி முறையில் சம்பளக்காரர்களுக்கு 12.75 லட்சம் வரை வரி இல்லை.

ஆக, முதல் வருஷத்தில் வங்கிதான் தெளிவாக மேலே. பிறகுதான் கதை மாறலாம். வங்கியில் வருஷ இன்கிரிமென்ட் சின்னது, பெரிய உயர்வு ஐந்து வருஷ ஊதிய ஒப்பந்தத்தில்தான் வரும். கடைசி ஒப்பந்தம் 2022 நவம்பர் முதல், அடுத்தது 2027 நவம்பரில் வர வேண்டும், ஆனால் கையெழுத்தாக ஒரு வருஷத்துக்கு மேல் இழுக்கும், அரியராகத்தான் (நிலுவைத் தொகையாக) கைக்கு வரும். ஐடியில் நல்ல ஸ்கில் இருந்து கம்பெனி மாறுகிறவர்களுக்குச் சம்பளம் ஒரே தாவலில் ஏறும், புராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டவர்களுக்கு ஏறவே ஏறாது. மகள் கோடிங்கை விரும்பிப் படித்தவரா, பிளேஸ்மென்ட்டுக்காகப் படித்தவரா என்பதை உங்களைவிட அவரிடம் கேட்பதுதான் சரி.

இன்னொன்று, டிரான்ஸ்ஃபர். பிஓ என்றால் இந்தியாவில் எங்கு வேண்டுமானாலும் போடுவார்கள், இந்தி தெரியாமல் வெளிமாநிலக் கிராமக் கிளையில் போய் உட்கார நேரலாம், வருஷக் கணக்கு முடிக்கும் மார்ச் மாதம் வீட்டுக்கு வர இரவாகும். இதற்குச் சம்மதம் என்றால் வங்கிக்கே போகச் சொல்வேன்.

எதற்கும் கையெழுத்துப் போடும் முன் கம்பெனியிடம் சம்பளப் பிரிவு விவரத்தையும், வேரியபிள் போன வருஷம் எத்தனை சதவீதம் கொடுத்தார்கள் என்பதையும் கேளுங்கள். வங்கியில் பாண்ட் (இடையில் வேலையை விட்டால் கட்ட வேண்டிய) தொகை எவ்வளவு, எத்தனை வருஷத்துக்கு என்று பாருங்கள்.