கேபிள் இழுக்கவா இன்ஜினீயரிங் படித்தேன்?

கேள்வி: இ.இ.இ. முடித்து, ஒரு கப்பல் கட்டும் தளத்தில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. நாள் முழுக்க கேபிள் இழுப்பவர்களோடு நின்று டேக் நம்பர் சரிபார்ப்பதுதான் வேலை. டிசைன் பிரிவு கேட்டால் ‘பிறகு பார்க்கலாம்’ என்கிறார்கள். கூடப் படித்தவர்கள் ஐ.டி.யில் ஏ.சி. அறையில் இருக்கிறார்கள். விட்டுவிடலாமா?
- ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: அவசரப்படாதீர்கள், தம்பி. இப்போது கட்டும் கப்பல் வெள்ளோட்டம் போய் வரும் வரையாவது இருங்கள்.

கல்லூரியில் நியூட்ரலை எர்த் செய்ய, அதாவது பூமியோடு இணைக்க, படித்திருப்பீர்கள். பெரும்பாலான சரக்குக் கப்பல்களின் 440 வோல்ட் அமைப்பில் அப்படிச் செய்வதில்லை. ஒரு ஃபேஸ் கப்பலின் இரும்பு உடலைத் தொட்டாலும் பிரேக்கர் விழாது. அலாரம் மட்டும் அடிக்கும். நடுக்கடலில் சுக்கான் மோட்டார் நின்றுவிடக் கூடாதே! ஆனால் அந்தப் பழுதைத் தேடிச் சரிசெய்யாமல் விட்டு, இன்னொரு ஃபேஸிலும் பழுது வந்தால் ஷார்ட் சர்க்யூட்தான். இழுக்கும்போது உரசித் தோல் கிழிந்த ஒரு கேபிள், கேபிள் நுழையும் வாயை அடைக்கும் கிளாண்டைச் சரியாக இறுக்காததால் இறங்கும் உப்பு ஈரம், இவை போதும் முதல் பழுதுக்கு. நீங்கள் அலுத்துக்கொள்ளும் வேலை இதைத் தடுப்பதுதான்.

பல்க்ஹெட்டை, அதாவது கப்பலின் அறைகளைப் பிரிக்கும் சுவரைத் தாண்டிக் கேபிள் போகும் இடத்தைப் பாருங்கள். தீயும் தண்ணீரும் அடுத்த அறைக்குப் போகாதபடி ரப்பர் பிளாக்குகளை அடுக்கி இறுக்கியிருப்பார்கள். ஒரே ஒரு கேபிள் விட்டுப்போனதற்காக அத்தனையையும் பிரிக்கும் பாட்டைப் பார்த்தவர், நாளை டிசைன் மேஜையில் உட்காரும்போது உதிரி இடம் விட்டு வரைவார்.

அதற்காக டேக்கோடு நின்றுவிடச் சொல்லவில்லை. டிசைன் வேண்டாம், பொருத்தியதை ஓட்டிச் சோதிக்கும் கமிஷனிங் குழுவோடு அனுப்புங்கள் என்று கேளுங்கள். கேபிளின் இன்சுலேஷனைச் சோதிக்க மெகர் கருவி வைக்கும்போது கூட நில்லுங்கள். 500 வோல்ட் கொடுக்கும் முன் எலக்ட்ரானிக் கார்டுகளைக் கழற்றியாயிற்றா என்று பார்க்கும் பழக்கம் வரும். பிளாக்அவுட் சோதனை நாளில் எமர்ஜென்சி சுவிட்ச்போர்டு பக்கம் இடம் பிடியுங்கள். மெயின் சப்ளை போனால் 45 விநாடிக்குள் எமர்ஜென்சி ஜெனரேட்டர் தானே கிளம்பி லோடு எடுக்க வேண்டும் என்பது கடல் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தமான சோலாஸின் விதி. அப்போது கப்பலைச் சோதித்துச் சான்றளிக்க வரும் கிளாஸ் சர்வேயர் கேட்கும் கேள்விகளை அன்றிரவே எழுதி வையுங்கள். அப்புறம், கொச்சி வாட்டர் மெட்ரோவில் 2023 முதல் பேட்டரி-ஹைபிரிட் படகுகள் ஓடுகின்றன. உங்கள் படிப்புக்கு இந்தத் துறையில் வேலை கூடத்தான் போகிறது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். வாயு அளந்து பர்மிட் கைக்கு வராமல், யார் சொன்னாலும் மூடிய டேங்குக்குள் இறங்காதீர்கள். தாமதமாகிறது என்று நெருக்கினால், அந்த வேலையையே விட்டுவிடுங்கள். அப்போது வெள்ளோட்டம் வரை காத்திருக்க வேண்டாம்.